"எங்கட அம்மாக்கு மீசை இருக்கு": நாலு வயது வாயை அடக்க வேண்டுமா?

கேள்வி, 2025 மே 17

என் மகனுக்கு நாலரை வயது. நேற்று கல்முனையில் ஒரு புடவைக்கடைக்குப் போனோம். நான் விலை கேட்டுக்கொண்டு நிற்க, துணி விரித்துக் காட்டிய கடைப் பெண்ணைப் பார்த்து "எங்கட அம்மாக்கு மீசை இருக்கு, உங்களுக்கு இல்ல" என்றான். கடையில் நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பஸ் நிலையத்தில் வைத்து முதுகில் ஒன்று போட்டேன். ஏன் அடி விழுந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை, வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தான். மாமி இதை வளர்ப்புப் பிழை என்கிறா. இந்த வயதில் இப்படிப் பேசுவது திமிரா? இப்போதே அடக்காவிட்டால் வளர்ந்த பிறகும் இப்படியே பேசித் திரிவானா?

பதில், 2025 மே 18, காலை

திமிரும் இல்லை, வளர்ப்புப் பிழையும் இல்லை. நான் பதினொரு வருடமாக முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றரை வரைக்கும் மூன்று, நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்பதுதான் என் வேலை. இந்த வயதில் கண்ணுக்கும் வாய்க்கும் இடையில் கதவு கிடையாது. கண்டது அப்படியே வெளியே வந்துவிடும். பொய் சொல்ல இன்னும் தெரியாத வயது.

அவன் சொன்னதைத் திரும்ப ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். எங்கட அம்மாக்கு இருக்கு, உங்களுக்கு இல்ல. இதில் குறை எங்கே வருகிறது? எங்கள் வீட்டில் மாமரம் இருக்கு, உங்கள் வீட்டில் இல்லை என்று சொல்வது போலத்தான் சொல்லியிருக்கிறான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூடக் கேட்கிறது. பெண்ணுக்கு மேலுதட்டில் மயிர் இருந்தால் அது வெட்கம் என்று அவனுக்கு அதுவரை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. முதலில் சொல்லித் தந்தது அந்த அடிதான்.

அடித்தது பிழை. இன்றைக்கே மடியில் இருத்தி, அம்மா அடித்தது பிழை என்று அவனிடம் சொல்லுங்கள்.

2025 மே 18, இரவு

காலையில் எழுதியது பாதிதான். அந்த அடி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதை எழுதாமல் தூக்கம் வராது.

என் இடது கண்ணோரத்தில் வெண்புள்ளி இருக்கிறது. மூத்தவள் பிறந்து ஒரு வருடத்தில் மஞ்சாடிக் கொட்டை அளவில் தொடங்கியது. இப்போது கண்ணின் வெளி ஓரத்திலிருந்து கன்னத்து எலும்பு வரை இறங்கி நிற்கிறது. வலது கை விரல் நுனிகளிலும் உண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கிற கலங்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருகிற நிலை இது. தொட்டால் ஒட்டாது, ஒரே கோப்பையில் குடித்தாலும் ஒட்டாது. உலகத்தில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இதெல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தும், எட்டு வருடமாக ஒரு நாளாவது பவுண்டேஷன் பூசாமல் படலையைத் தாண்டியதில்லை.

எங்கள் ஊர் பெரியகல்லாறு. கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கோயிலிலும் எல்லாரையும் காண்கிறேன். ஒருவர்கூட இதைப்பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. என்னோடு பேசுகிறவர்கள் என் வலது கண்ணைப் பார்த்துத்தான் பேசுவார்கள். எத்தனையோ வருடமாக அந்த ஒரு கண்ணோடுதான் ஊரே பேசிக்கொண்டிருக்கிறது.

சின்னவனுக்கு மூன்று வயது நடக்கும்போது ஒரு பின்னேரம், முகம் கழுவிவிட்டு வந்து பாயில் இருந்தேன். அவன் தேத்தண்ணியில் பிஸ்கட் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். திடீரென்று பிஸ்கட்டை வைத்துவிட்டு முகத்துக்குக் கிட்ட வந்தான். "அம்மா, கண்ணில பால் சிந்தியிருக்கு" என்றான். சுட்டுவிரலை வாய்க்குள் விட்டு நனைத்து அந்த இடத்தைத் துடைத்தான். போகவில்லை. என் சட்டைக் கரையைப் பிடித்து இழுத்து, அதால் இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தான். அதற்கும் போகவில்லை. "காஞ்சிட்டு" என்றான்.

அதுவரைக்கும் அந்த இடத்தை வைத்தியர் தவிர வேறு யாரும் தொட்டதில்லை, என் கணவர் உட்பட. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் கையைத் தட்டிவிட்டேன். அடி என்று சொல்ல முடியாது, ஆனால் கை போன வேகம் எனக்குத் தெரியும். அவன் என்னைப் பார்த்த பார்வையும் மனதில் இருக்கிறது. உங்கள் மகன் பஸ் நிலையத்தில் பார்த்ததும் அதே பார்வையாகத்தான் இருக்கும்.

2025 மே 21

18ஆம் திகதி காலையில் "பொய் சொல்ல இன்னும் தெரியாத வயது" என்று எழுதியிருந்தேன். அது பிழை. திருத்திக்கொள்கிறேன்.

2002இல் விக்டோரியா தால்வார், காங் லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் கனடாவில் மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பெரியவர் மூக்கில் லிப்ஸ்டிக் அடையாளத்தோடு பிள்ளைக்கு முன்னால் வந்து இருப்பார். படம் எடுக்க முதல், "நான் பார்க்க நல்லா இருக்கேனா?" என்று கேட்பார். பெரும்பாலான பிள்ளைகள் ஓம் என்றார்கள். அவர் போன பிறகு இன்னொருவர் வந்து கேட்டபோது, நல்லா இல்லை, மூக்கில் அடையாளம் இருந்தது என்று உண்மையைச் சொன்னார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளும் இதில் அடக்கம்.

ஆகவே மூன்று வயதிலேயே அவர்களுக்கு முகத்துக்கு நேரே ஒரு பேச்சு, பின்னால் ஒரு பேச்சு என்று பேசத் தெரியும்.

இதை வாசித்ததும் போன வருடம் நடந்த ஒன்று விளங்கியது. என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை தினமும் என் கையைப் பிடித்து "டீச்சர், நீங்க வடிவு" என்று சொல்லுவாள். ஒரு நாள் அவளுடைய தாய் மிகவும் சங்கடப்பட்டு வந்து சொன்னா: வீட்டில் பிள்ளை "டீச்சர்ர கண்ணில பூஞ்சணம் பிடிச்சிருக்கு, பாண்ல பிடிக்கிற மாதிரி" என்கிறாளாம். எனக்குச் சாதாரணமாக ஒருவர் சொன்னால் வலிக்கும். ஆனால் அந்தப் பிள்ளை சொன்னதில் பிழை ஒன்றும் காணவில்லை. எங்கள் பக்கத்துப் புழுக்கத்துக்குப் பாண் இரண்டு நாள் தாங்காது, மூன்றாம் நாள் அதன் ஓரத்தில் வருகிற வெள்ளை அப்படியேதான் இருக்கும். அவள் நன்றாகப் பார்த்திருக்கிறாள். பார்த்ததை எனக்குச் சொல்லவில்லை, தன் தாய்க்குச் சொல்லியிருக்கிறாள்.

2025 மே 23

இன்றைக்கு நானே செய்து பார்த்தேன். வகுப்புக்குப் போக முதல் மூக்கு நுனியில் கண்மையால் பெரிய ஒரு பொட்டு வைத்துக்கொண்டேன். வந்திருந்த பிள்ளைகள் பதினான்கு பேர். ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டு "டீச்சர் நல்லா இருக்கிறேனா?" என்று கேட்டேன். பதினொரு பேர் ஓம் என்றார்கள். ஒருவன் சிரித்துவிட்டு ஓடிவிட்டான். ஒருத்தி "மூக்கக் கழுவுங்க" என்றாள்.

பதினான்காவது ஆள் என் மகன். அவனும் என் முன்பள்ளிக்குத்தான் வருகிறான். அங்கே மற்றப் பிள்ளைகளைப் போல என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனாகவே தொடங்கிய பழக்கம். மேசைக்கு வந்தான், மூக்கைப் பார்த்தான். "ஓம் டீச்சர், நல்லம்" என்றான்.

பதினொன்றரைக்கு வகுப்பைப் பூட்டிவிட்டு அவனைச் சைக்கிளில் முன்னுக்கு ஏற்றினேன். படலை தாண்டி ரோட்டில் ஏறினோமோ இல்லையோ, கிறுகி என் முகத்தைப் பார்த்து, "அம்மா, மூக்கில கரி. பேய் மாதிரி இருக்கு" என்றான்.

அதே முகம், அதே கரி. படலைக்கு அந்தப் பக்கம் நின்றது டீச்சர், இந்தப் பக்கம் வந்தது அம்மா. அம்மாவுக்கு எதைச் சொன்னாலும் அம்மா அம்மாவாகவே இருப்பா என்று அவன் நம்புகிறான். உங்கள் மகன் கடையில் நின்றபோது அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? பேசியது முழுக்க உங்களைப் பற்றி.

2025 மே 30

இடையில் ஒன்று. என் கணவருக்கு இரண்டு வருடமாக வண்டி, அதாவது தொப்பை, வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் மல்லாந்து படுத்திருந்தார். சின்னவன் விளையாட்டு லொறியைக் கொண்டுவந்து அவருடைய வயிற்றில் ஏற்றி இறக்கினான். "அப்பாட வண்டிக்கு மேல என்ட வண்டி போகுது!" இவர் வயிறு குலுங்கச் சிரித்தார், லொறி விழுந்தது, மறுபடி ஏற்றினான். அரை மணித்தியாலம் இதே விளையாட்டு.

நான் குசினியில் நின்று பார்த்தேன். அதே பிள்ளை, அதே மாதிரிப் பேச்சு. அப்பாவைச் சொன்னால் வீடே சிரிக்கிறது, அம்மாவைச் சொன்னால் கை ஓங்குகிறது. இவருடைய வயிற்றைப் பார்த்து யாரும் அவருடைய பெறுமதியைக் கணக்குப் போட்டதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைத்தான் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் வீடு எழுதிக் கொடுத்தார்கள், நகை போட்டார்கள், எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகும் "பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு" என்று ஒருவர் சொல்லிவிட்டுத்தான் எழும்பினார். அது 2013. நேற்று நடந்த மாதிரி காதில் கேட்கிறது. கடையில் மீசை என்ற சொல் கேட்டதும் உங்களுக்கு வந்த கோபம் பிள்ளைமேல் வந்தது அல்ல என்று நினைக்கிறேன்.

2025 ஜூன் 8

தங்கச்சி போன கிழமை கத்தாரிலிருந்து வந்தாள். வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாயை வீட்டு வேலைக்கு அனுப்புவதில்லை என்று 2013இலிருந்து இருந்த கட்டுப்பாட்டை 2022இல், அந்தப் பொருளாதார நெருக்கடிக்குள், இரண்டு வயதாகக் குறைத்தார்கள். அதனால் 2023 தையில் அவள் போகக்கூடியதாக இருந்தது. மகளுக்கு அப்போது இரண்டு வயதும் சில மாதமும். பிள்ளை எங்கள் வளவிலேயே என் அம்மாவோடு வளர்ந்தாள்.

இரண்டரை வருடமாக இமோ வீடியோ அழைப்பில்தான் தாயும் மகளும். தங்கச்சியின் ஃபோனில் முகத்தை வெள்ளையாக்கி, வழுவழுப்பாக்கிக் காட்டுகிற அந்த வசதி போட்டபடியே கிடந்திருக்கிறது. அவளாகப் போட்டதில்லை, வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததாம்.

வான் வந்து நின்றதும் எல்லாரும் ஓடினோம். பிள்ளை அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றாள். தங்கச்சி முழங்காலில் இருந்து கையை நீட்டினாள். பிள்ளை வடிவாகப் பார்த்தாள், அவசரப்படாமல் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"இது வேற அம்மா. இவங்க கறுப்பு. ஃபோனுக்குள்ள இருக்கிற அம்மாவக் கூப்பிடுங்க."

தங்கச்சி ஒன்றும் பேசாமல் எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். தண்ணீர் அள்ளுகிற சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது.

அன்றிரவு நான் யோசித்தது இது. பிறந்த பிள்ளைக்கு 20, 30 செ.மீ. தூரம்வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அது மார்பில் கிடக்கிற பிள்ளைக்கும் தாயின் முகத்துக்கும் இடையில் இருக்கிற தூரம். இந்தப் பிள்ளை ஃபோனைப் பிடித்துப் பேசியதும் ஏறக்குறைய அதே தூரத்தில்தான். இரண்டரை வருடம் அந்தத் தூரத்தில் அவள் மனப்பாடம் செய்த முகம் வேறு. வந்து இறங்கிய முகம் வேறு. பிள்ளை கண்டதைச் சொன்னாள். தங்கச்சிக்கு அதை விளங்கப்படுத்தப் போனேன், "எனக்கு ஒண்டும் சொல்லாதக்கா" என்றுவிட்டாள். சரிதான். அந்த நேரத்தில் விளக்கம் யாருக்கு வேண்டும்?

2025 ஜூன் 9

நான் நேற்றுப் போட்டதைத் தங்கச்சி வாசித்துவிட்டு, மிச்சத்தையும் எழுதச் சொன்னாள்.

நாலாம் நாள் அவள் ஃபோனோடு குசினிக்குள் போய் நின்றுகொண்டு, அறையில் இருந்த பிள்ளைக்கு இமோவில் எடுத்தாள். பிள்ளை துள்ளிக்கொண்டு ஃபோனைப் பிடித்தாள். அம்மா! தங்கச்சி பேசிக்கொண்டே குசினியிலிருந்து நடந்து வந்து கதவடியில் நின்றாள். பிள்ளை ஃபோனைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். வாய் அசைகிறது இரண்டிலும். வெள்ளை அம்மாவும் கறுப்பு அம்மாவும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள்.

பிறகு தங்கச்சி அந்த வசதியை நிறுத்துகிற இடத்தைக் காட்டிக் கொடுத்தாள். பிள்ளை போட்டாள், நிறுத்தினாள், போட்டாள், நிறுத்தினாள். பிறகு ஃபோனைத் தன் பக்கம் திருப்பிப் போட்டாள். வெள்ளையாக ஒரு பிள்ளை தெரிந்தது. "இது நான் இல்ல" என்று உடனே நிறுத்திவிட்டாள். தாயின் கன்னத்தில் கையை வைத்து, தன் கன்னத்திலும் வைத்து, "மறுகா ஏன் ஃபோன் பொய் சொன்ன?" என்று கேட்டாள்.

அந்த இரவு அவள் தாயோடு படுத்தாள்.

2025 ஜூன் 15

தங்கச்சியின் பெட்டியில் மூன்று டப்பா வெள்ளையாக்குகிற கிறீம் இருந்தது. கூட வேலை செய்தவர்கள் கொடுத்ததாம். இரண்டில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்றே எழுதியிருக்கவில்லை. எனக்கு வெண்புள்ளி வந்த பிறகு தோல் பற்றிக் கொஞ்சம் வாசித்து வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட கிறீம் பலவற்றில் பாதரசம் கலக்கிறார்கள். அது தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும், அதோடு உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூசுகிறவருக்கு மட்டும் இல்லை, கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கிற பிள்ளைக்கும் போகும். பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கை, அழகுப் பொருட்களில் மில்லியனில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று முதலில் வரம்பு வைத்தது, பிறகு 2023இல் பாதரசம் சேர்ப்பதையே தடை செய்ய முடிவெடுத்தது. அப்படியிருந்தும் சந்தையில் கிடைக்கிறது. மூன்றையும் எறிந்துவிட்டோம். தங்கச்சி தயங்கினாள். பிள்ளை சொன்ன சொல் இன்னும் உள்ளுக்குள் கிடக்கிறது, அதனால்தான்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "என்னகா, புள்ள கறுப்பெண்டு சொன்னதுக்கு ஒரு கதையா?" என்று கேட்டா. சின்னவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "காகத்துக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, மனே" என்றா. அவன் கேட்டான்:

"அப்ப குஞ்சுக்குக் காகம் என்ன நிறம்?"

"கறுப்புத்தான்."

"குஞ்சு அத சொல்லுமா?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தா. "சொல்லும். சொல்லிப்போட்டு வாயத் திறந்து தீன் கேட்கும்" என்றா.

எனக்கு அம்மா சொன்னதில் அது ஒன்று போதும் என்று தோன்றியது.

2025 ஜூலை 6

இன்றைக்கு மனம் சரியில்லை. மூத்தவளுக்குப் பத்து வயது. நாளை மறுநாள் பாடசாலையில் பரிசளிப்பு, அவளுக்கு இரண்டு பரிசு. நான் உடுப்பை மினுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, அந்தப் பவுண்டேஷன் போட்டுட்டு வருவீங்கதானே?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தப் பிள்ளையும் ஒரு காலத்தில் "அம்மாட கண்ணில நிலா" என்று சொன்னவள். எப்போது நிறுத்தினாள் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. யாரும் அதட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்கு முன்னால் நான் மூடி மறைத்ததை எட்டு வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். வாயால் சொல்லிக் கொடுக்காத பாடம் அது. அவள் என்னைக் கண்டு வெட்கப்படுகிறாள். அதை நானே படிப்பித்திருக்கிறேன்.

2025 ஜூலை 8

முந்தாநாள் எழுதியதில் மகளுக்கு அநியாயம் செய்துவிட்டேன். அழிக்காமல் விடுகிறேன், ஆனால் கீழே உள்ளதையும் சேர்த்து வாசியுங்கள்.

நேற்றிரவு அவளுக்குத் தலை இழுத்துப் பின்னும்போது கேட்டேன். நான் வெறும் முகத்தோடு வந்தால் உங்களுக்கு வெட்கமா மகள்? உடனே திரும்பினாள், பின்னல் கையிலிருந்து நழுவிற்று. "எனக்கு என்ன வெட்கம்? எங்கட வகுப்பில ரெண்டு பேர் அது தொத்தும் எண்டு சொல்றாங்க. நீங்க தந்த சாப்பாட்ட வாங்கக் கூடாதாம். நீங்க வந்து நிக்கக்க அவங்க விலகினா உங்களுக்கு அழுகை வரும். அதுக்குத்தான்."

போன தவணையிலிருந்து இதை மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தன் சாப்பாட்டுப் பெட்டியை ஒரு மூலையில் தனியாக இருந்து திறந்திருக்கிறாள். நான் பார்த்தது ஒளிக்கிற பிள்ளை. அங்கே இருந்தது என்னைக் காக்கிற பிள்ளை. மூன்று வயதுப் பிள்ளையின் பேச்சுக்கு உரை எழுதத் தெரிந்த எனக்குப் பத்து வயதுப் பிள்ளையின் பேச்சு விளங்கவில்லை.

இன்று வெறும் முகத்தோடுதான் போனேன். ஒரு தாய் எழும்பி வேறு கதிரைக்குப் போனா. மகள் மேடையிலிருந்து அதைப் பார்த்திருப்பாள். இறங்கி நேரே என்னிடம் வந்து பரிசுப் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, பக்கத்து வெறும் கதிரையில் இருந்தாள். வகுப்பு ஆசிரியையோடு பேசினேன். இது ஒட்டாது என்று பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகச் சொல்ல ஒத்துக்கொண்டா.

2025 ஜூலை 25

வளர்ந்த பிறகும் இப்படியே பேசித் திரிவானா என்று முதலில் கேட்டதற்கு இன்னும் ஒழுங்காகப் பதில் எழுதவில்லை.

ஒருவர் மனதில் இருப்பது வேறு, தன் மனதில் இருப்பது வேறு என்பது பிள்ளைக்கு நாலு, ஐந்து வயதுக்கிடையில்தான் நன்றாகப் பிடிபடும். 1983இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த விம்மர், பெர்னர் இருவரும் ஒரு கதையை வைத்து இதைக் காட்டினார்கள். ஒரு பையன் சொக்லட்டை ஓர் அலுமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், தாய் அதை வேறு அலுமாரிக்கு மாற்றுகிறா, பையன் வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் புது இடத்தைக் காட்டுவார்கள், தங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று. நான் வகுப்பில் தோடம்பழத்தை வைத்துச் செய்திருக்கிறேன், அப்படியேதான் நடக்கும். அந்தப் பிடிப்பு வந்த பிறகுதான் "இதைச் சொன்னால் அவங்களுக்கு நோகும்" என்பதை முழுதாக விளங்கப்படுத்தலாம். அதற்கு முதல் அடித்தால் பிள்ளைக்கு விளங்குவது அடி மட்டும்தான்.

எங்கள் வீட்டில் ஒரு வழி வைத்திருக்கிறோம். எங்களைப் பற்றி என்றால் சத்தமாகச் சொல்லலாம். வெளியாட்களைப் பற்றி என்றால் அம்மாவின் காதுக்குள் வந்து சொல்ல வேண்டும். நேற்று ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போனோம். பஸ் நிறையச் சனம், கல்லடிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டு போனது. சின்னவன் என் கழுத்தைக் கட்டிக் காதுக்குள் வாயை வைத்தான். வாய் காதுக்குள்தான், சத்தம் பஸ் முழுக்க: "அம்மா, கொண்டக்டர் மாமாக்கு நாலு விரல்தான் இருக்கு!"

கொண்டக்டர் திரும்பினார். நான் அவரைப் பார்க்க முடியாமல் வாவியைப் பார்த்தேன். அவர் ரிக்கட் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துவிட்டு இடது கையை விரித்து இவனுக்கு முன்னால் நீட்டினார். "எண்ணுங்க பாப்பம்." இவன் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். நாலு. பிறகு அந்த வெறும் இடத்தில் விரலை வைத்து, "இது எங்க?" என்றான். "அரிசி ஆலையில விட்டுட்டு வந்துட்டன் மகன்" என்றார். திரும்பி வரும்போதும் அதே பஸ் கிடைக்குமா என்று தீர்த்தக் குளத்தடியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

எல்லாரும் அந்த மனுசனைப் போல இருக்க மாட்டார்கள். அதனால் காதுக்குள் சொல்கிற வழியை விட மாட்டோம். சத்தத்தைக் குறைக்கப் பழக்க வேண்டும், அவ்வளவுதான்.

2025 ஆகஸ்ட் 3

கேள்வி கேட்டவரிடமிருந்து இன்று செய்தி வந்தது. தன் அனுமதியோடு போடச் சொன்னா.

கல்முனையில் ஒரு அழகு நிலையத்தில் நூலால் மேலுதட்டைச் சுத்தம் செய்துகொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறா. மகன் ஓடிவந்து முகத்தைப் பிடித்துப் பார்த்திருக்கிறான். "அம்மா, மீசை எங்க?" எடுத்தாயிற்று என்று சொல்ல, அவனுக்கு முகம் கோணிவிட்டது. தினமும் நித்திரைக்குப் போகும்போது அந்தப் பூனை மயிரை விரலால் தடவிக்கொண்டுதான் தூங்குவானாம். இருட்டில் அதைத் தொட்டுத்தான் அம்மாவைக் கண்டுபிடிப்பானாம். இது அவவுக்கு இவ்வளவு நாளும் தெரியாது. அவன் சும்மா முகத்தைத் தடவுகிறான் என்று நினைத்திருந்தா.

"திரும்ப வளருமா?" என்று கேட்டு அழுதவனுக்கு, ஓம், கொஞ்ச நாளில் வளரும் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தாவாம். அடித்ததற்கு மன்னிப்பும் அன்றிரவுதான் கேட்டிருக்கிறா. அவன் அந்த அடியை மறந்தே போயிருந்தான்.

நூல் பிடிப்பதா விடுவதா என்பது அவவுடைய விருப்பம். பிள்ளைக்காக அதை வைத்திருக்கச் சொல்லி நான் சொல்லவில்லை.

2025 ஆகஸ்ட் 19

நேற்றுப் பின்னேரம் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். கை இரண்டும் சவர்க்கார நுரைக்குள். சின்னவன் பின்னால் குந்திக்கொண்டு இருந்தவன், என் வலது முழங்கைக்குப் பின்புறம் விரலை வைத்தான்.

"அம்மா, இஞ்சயும் பால் சிந்தியிருக்கு."

கையைக் கழுவிவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு எட்டவில்லை. மூத்தவள் ஃபோனால் படம் எடுத்துக் காட்டினாள். புதியது, பத்துச் சதக் குற்றி அளவு. நான் ஒருநாளும் பார்க்காத இடம். எத்தனை நாளாக இருக்கிறதோ. சின்னவன் சுட்டுவிரலை நனைத்துக்கொண்டு வந்தான், இந்த முறை கையைத் தட்டவில்லை. துடைத்துப் பார்த்தான்.

"காஞ்சிட்டா?" என்று கேட்டேன்.

"ஓம். இது கொஞ்சம்தான்."

படத்தில் திகதியைக் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த கிளினிக்குக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.